கைக்குழந்தையோடு கடல் கடந்து



பிறந்த ஊரை விட்டுப் பிழைக்க வந்த ஊரில் நிலைத்துவிட்ட நம்மனோர்க்குப் பயணம் என்பது பொழுதுபோக்கு அன்று. அது ஒரு கடமை. பம்பாயிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் பெங்களூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஊர் நோக்கிப் புறப்படுகின்றன. பாட்டன் பாட்டிக்குப் பேரக் குழந்தையின் முகத்தைக் காட்ட வேண்டும். குலதெய்வத்தின் சந்நிதியில் முதல் முடி இறக்க வேண்டும். காது குத்த வேண்டும். தாய் வீட்டில் பேறு பார்த்த பெண் பச்சைக் குழந்தையோடு கணவன் இருக்கும் ஊருக்குத் திரும்ப வேண்டும். இவற்றுள் எந்தப் பயணத்திலும் தலைமைப் பயணி யார் என்று கேட்டால், சீட்டு வாங்காமலும் மூட்டை சுமவாமலும் தாயின் இடுப்பில் அமர்ந்து வருகின்ற அந்தக் குழந்தைதான்.

பெரியவர் ஒருவர் பயணத்தில் ஒரு வேளை உண்ணாவிட்டால் அவருக்குப் பசி, அவ்வளவே. எட்டு மாதக் குழந்தைக்கு ஒரு பகல் வயிற்றுப்போக்கு நேர்ந்து, இழந்த நீரை ஈடு செய்யாவிட்டால் அதன் உயிருக்கே ஆபத்து வந்துவிடும். ஆதலின் குழந்தையோடு புறப்படுவோர் அறிந்திருக்க வேண்டுவன சில உள. அவற்றை, இந்நாட்டுத் தமிழர் மேற்கொள்ளும் பயணங்களுள் மிக நெடியதொன்றை முன்வைத்து ஆராய்வோம். அந்தமானில் பாம்பூஃப்ளாட்டிலிருந்து தமிழ்நாட்டுக்குக் குழந்தையோடு வரும் பயணமே அது.

பாம்பூஃப்ளாட் தென் அந்தமானில் இருக்கும் ஒரு சிற்றூர். முன்னாளில் போர்ட் பிளேர் என்று வழங்கி, 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற தலைநகருக்கு நேர் எதிரே, துறைமுக நீரின் மறுகரையில் அது அமைந்திருக்கிறது. நகரத்தின் சாத்தம் துறையில் நின்றால் எதிர்க்கரையின் வீடுகள் கண்ணுக்குத் தெரியும். ஆனால் தரைவழியே செல்வதாயின் விரிகுடாவைச் சுற்றிக்கொண்டு நெடுந்தூரம் போக வேண்டும். ஆகவே பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் போகிறவர்கள் நாள்தோறும் படகுத் துறையில் கூடுகின்றனர். மனிதரோடு மோட்டார் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் அரசாங்கப் படகு சில நிமிடங்களில் அவர்களை அக்கரை சேர்க்கிறது. பாம்பூஃப்ளாட்டுக் குழந்தைக்கு நகரப் பயணம் என்றாலே அது நீர்வழிப் பயணந்தான்.

இத்தீவுகளில் தமிழர் சிறு தொகையினர் அல்லர். 2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கின்படி, தீவுகளின் மக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். வங்காளிகளுக்கு அடுத்த இடம் அவர்களுடையது. கட்டுமான வேலைக்கும் துறைமுக வேலைக்கும் வாணிபத்துக்கும் வந்தவர்கள் பலர். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து, 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இந்தியா திரும்பியவர்களுள் ஒரு பகுதியினர் நிக்கோபாரைச் சேர்ந்த கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றப்பட்டனர். அவர்கள் கைக்குழந்தைகளை ஏந்தியபடி ஒரு கடலைக் கடந்து, பின்னர் இன்னொரு கடலையும் கடந்தவர்கள். குழந்தையோடு கடற்பயணம் செய்யும் அனுபவம் நம்மவர்க்குப் புதிதன்று.

இனி, புறப்படுமுன் எண்ண வேண்டுவன பற்றிப் பேசுவோம். முதலாவது, குழந்தையின் வயது. பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையை அவசியமின்றி நெடும் பயணத்துக்கு உட்படுத்தாமை நலம். அப்பருவத்தில் நோயை எதிர்க்கும் ஆற்றல் குறைவு. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், அது எளியதாகத் தோன்றினும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். நடுக்கடலில் அது எளிதன்று. புறப்பட்டே தீர வேண்டுமாயின், மருத்துவரைக் கலந்துகொண்ட பின் புறப்படுவதே முறை.

அடுத்தது தடுப்பூசி. பிறந்தவுடனும், 6, 10, 14-ஆம் வாரங்களிலும், 9 மாதம் முடிந்த பின்னும், 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் ஊசி போடுவது நம் நாட்டு அட்டவணை. ஊருக்குப் போய் இரண்டு மாதம் தங்கும் குடும்பங்களில் நடுவே வரும் ஊசி தவறிப்போவது உண்டு. 'திரும்பி வந்து போட்டுக்கொள்ளலாம்' என்று ஒத்திப்போடுவதற்குக் காரணமே இல்லை. எந்த மாநிலத்து அரசாங்க சுகாதார நிலையமாயினும் இந்த ஊசிகளை இலவசமாகப் போடும். வேண்டுவதெல்லாம் தாய்-சேய் பாதுகாப்பு அட்டை கையில் இருத்தலே. நகையைப் பூட்டிவைக்கும் பெட்டியில் அல்லாது, கைப்பையில், ஈரம் படாத உறையில் அது இருக்கட்டும். அதனோடு குழந்தையின் வயதைக் காட்டும் சான்றும் இருக்க வேண்டும்.

தீவிலிருந்து தமிழகம் வர இரண்டு வழிகள் உண்டு. விமானம் சென்னைக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மிகுதியான பொழுதில் வந்து சேர்கிறது. கப்பல், ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடலைக் கடக்க மூன்று நாள் அளவு எடுத்துக்கொள்கிறது. விரைவு வேண்டுமா, செலவுக் குறைவு வேண்டுமா என்று பெரியவர்கள் கணக்குப் பார்ப்பர். குழந்தையின் கணக்கு வேறு.

விமானத்தில் குழந்தைக்கு வரும் தொல்லை காது வலி. விமானம் இறங்கும்போது வெளியே காற்றழுத்தம் மிகுகிறது. செவிப்பறைக்கு உட்புறத்தில் அழுத்தம் அவ்வளவு விரைவாக ஏறுவதில்லை. தொண்டையையும் நடுச்செவியையும் இணைக்கும் மெல்லிய குழாய் திறந்தால்தான் இரண்டும் சமமாகும். விழுங்கும்போது அக்குழாய் திறக்கிறது. ஆகவே இறங்கத் தொடங்கும் வேளையில் குழந்தைக்குப் பாலூட்டுவதே சிறந்த மருந்து. தரை தட்டுவதற்கு ஏறத்தாழ அரை மணி நேரம் முன்பே விமானம் தாழத் தொடங்கிவிடுகிறது. பாலூட்டலை அதுவரை ஒத்திவைத்திருத்தல் அறிவுடைமை. காதில் பஞ்சு வைப்பதால் பயன் இல்லை. கடுஞ்சளி இருப்பின் அக்குழாய் அடைபட்டிருக்கும். அப்போது மருத்துவரைக் கேட்டுப் பயண நாளை மாற்றுவது நல்லது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தனி இருக்கை இன்றிப் பெற்றோர் மடியில் அமர இடமுண்டு. ஆனால் தம் இடைக்கச்சைக்குள் குழந்தையையும் சேர்த்துக் கட்டுதல் தவறு. பணிப்பெண் தரும் சிறு கச்சையையே பூட்ட வேண்டும்.

கப்பலில் வருவோர்க்கு முதல் கவலை கடல் நோய். ஆயினும் இதில் ஓர் ஆறுதல் உண்டு. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கடல் நோய் வருவது அரிது. இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை உள்ளவர்களே அதற்கு எளிதில் ஆட்படுகின்றனர். உட்செவி, 'நாம் ஆடுகிறோம்' என்று மூளைக்குச் சொல்கிறது. அறைச் சுவரைப் பார்க்கும் கண், 'நாம் அசையவில்லை' என்று சொல்கிறது. இந்த முரண்பாட்டின் விளைவே குமட்டல். எனவே சற்று வளர்ந்த குழந்தையை மேல்தளத்துக்கு அழைத்துச் சென்று, கையை இறுகப் பற்றிக்கொண்டு, தொலைவில் கடலும் வானும் கூடும் கோட்டைக் காட்டுதல் பயன் தரும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. வயிறு முட்ட உணவும் வேண்டா, வெறும் வயிறும் வேண்டா.

இதிலிருந்து தாய்மார்கள் இன்னொன்றையும் உணர வேண்டும். கைக்குழந்தை கப்பலில் மீண்டும் மீண்டும் வாந்தி எடுத்தால், 'கடல் ஆட்டந்தானே' என்று வாளாவிருத்தல் ஆகாது. வேறு நோய் இருக்கக்கூடும். கப்பலில் ஏறிய உடனேயே மருத்துவ உதவி எங்கே கிடைக்கும் என்று கேட்டு அறிந்துகொள்வது நன்று. நள்ளிரவில் தேடுவது தொல்லை. பெரியவர் உட்கொள்ளும் குமட்டல் மாத்திரையைப் பாதியாக்கிக் குழந்தைக்குக் கொடுப்பதும், 'வழியில் அழாமல் தூங்கட்டும்' என்று மயக்கம் தரும் சளி மருந்தைப் புகட்டுவதும் பெருந்தீங்கு. அத்தகைய மருந்துகளுள் சில இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் மூச்சையே ஒடுக்கவல்லவை.

உணவைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும்; ஏனெனில் பயணத்தில் குழந்தைக்கு வரும் நோய் பெரும்பாலும் வாய் வழியே நுழைகிறது. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும். கோடை வெயிலிலும் தனியே தண்ணீர் வேண்டுவதில்லை. 'தொண்டை வறளுமே' என்று பக்கத்து இருக்கையில் இருப்பவர் இரக்கத்தோடு நீட்டும் ஒரு கரண்டி நீர், குழந்தையின் வயிற்றுக்கு அயல் கிருமிகளைக் கொண்டு சேர்க்கக்கூடும். அவரிடம் நன்றி கூறி, அந்த நீரைத் தாய் பருகுதல் சாலச் சிறந்தது. அவள் பருகும் நீரே பாலாகிக் குழந்தைக்கு வருகிறது.

ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு அரிசியும் பாசிப்பருப்பும் வறுத்துப் பொடித்த மாவை வீட்டிலேயே ஆயத்தம் செய்து கொண்டுபோகலாம். சுடுநீர்க் குடுவையில் கொதித்த நீர் இருந்தால் வேண்டும்போது சிறிதளவு கரைத்து ஊட்டி, மீந்ததைக் கொட்டிவிடலாம். கரைத்து வைத்த கஞ்சியைக் காலையிலிருந்து மாலை வரை சுமந்து திரிவது கூடாது. வாழைப்பழம் பயணிகளுக்கென்றே அமைந்த உணவு. தோலோடு இருக்கும் வரை எந்தக் கையும் ஈயும் அதைத் தீண்டுவதில்லை. பாலாடையும் சங்கும் கரண்டியும் ஒவ்வொரு முறையும் வெந்நீரில் கழுவப்பட வேண்டும். இரப்பர்க் காம்புள்ள புட்டியைப் பயணத்தில் தூய்மையாக வைத்தல் கடினம். கிண்ணமும் கரண்டியுமே பாதுகாப்பானவை. ஓடி விளையாடும் குழந்தைக்கு வழியில் வேர்க்கடலையும் பட்டாணியும் வாங்கித் தருவது நம்மிடையே வழக்கம். ஆடும் வண்டியில் அழுதுகொண்டோ சிரித்துக்கொண்டோ தின்னும் நான்கு வயதுக் குழந்தைக்கு அந்த ஒரு பருக்கை மூச்சுக்குழலில் அடைத்துக்கொள்ளக்கூடும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் தரலாகாது.

இவ்வளவு காத்தும் வயிற்றுப்போக்கு நேர்ந்துவிட்டால் என் செய்வது? இங்கே ஒரு வரலாற்றை நினைவுகூர்தல் தகும். 1971-ஆம் ஆண்டில் வங்க தேசப் போரின்போது பல லட்சம் மக்கள் குழந்தைகளைத் தோளில் சுமந்துகொண்டு மேற்கு வங்காளத்துக்குள் வந்தனர். பன்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பு வழியே ஏற்றும் மருந்து நீர் போதவில்லை. அப்போது திலீப் மகலநாபிஸ் என்னும் மருத்துவர், உப்பும் சர்க்கரைச் சத்தும் அளவறிந்து கலந்த நீரை வாய் வழியே கொடுக்கச் செய்தார். மருத்துவம் பயிலாத உறவினரே அதைக் குழந்தைகளுக்குப் புகட்டினர். சாவு பெரிதும் குறைந்தது. ஓ.ஆர்.எஸ். என்று இன்று நாம் சிறு உறையில் வாங்கும் பொடியின் ஆற்றல் உலகுக்குத் தெளிவாகப் புலப்பட்டது ஊரை விட்டு நடந்து வந்த குழந்தைகளின் இடையில்தான். ஆகவே குழந்தையோடு பயணம் செய்வோர் மூட்டையில் அந்த உறை இல்லாதிருத்தல் பொருந்துமா?

அதைக் கலக்கும் முறை எளிது; ஆனால் அளவு பிசகலாகாது. ஒரு லிட்டர் நீருக்கான உறை என்றால் முழு உறையையும் ஒரு லிட்டர் தூய நீரில் கரைக்க வேண்டும். கால் உறையைக் கண்ணளவாகக் குவளையில் போடுவது தவறு; உப்பு மிகுந்தால் தீங்கு, குறைந்தால் பயனின்மை. கரைத்த நீரை ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை வயிறு போன பின்னும் 50 முதல் 100 மில்லிலிட்டர் வரை கரண்டி கரண்டியாகப் புகட்டலாம். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடர வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. குழந்தை சோர்ந்து கண் குழிந்து கிடந்தாலோ, பருக இயலாதிருந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

நீர்வழிப் பயணத்துக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. 2014-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள், ராஸ் தீவிலிருந்து வடக்கு விரிகுடா நோக்கி வந்த சுற்றுலாப் படகு கவிழ்ந்து 21 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் காஞ்சிபுரத்திலிருந்து சென்ற நம்மவர் பலர். படகு தாங்கக்கூடிய அளவுக்கு மேல் ஆட்கள் ஏற்றப்பட்டிருந்தனர். துயரமான அந்த நிகழ்ச்சி நமக்கு உணர்த்துவது இது: நிரம்பி வழியும் படகில், 'இடமிருக்கிறது, வாருங்கள்' என்று அழைத்தாலும் குழந்தையோடு ஏறலாகாது. அடுத்த படகு வரும்வரை கரையில் காத்திருப்பதால் இழப்பது சிறிது நேரமே. சிறு படகில் ஏறுமுன் குழந்தை அளவுக்கான மிதவை அங்கியைக் கேட்டு வாங்குதல் வேண்டும். பெரியவர் அங்கி குழந்தைக்குப் பொருந்தாது. நீரில் விழுந்தால் அங்கி மேலே மிதக்க, குழந்தை கீழே நழுவிவிடும்.

சாத்தம்-பாம்பூஃப்ளாட் படகு போன்றவற்றில் வேறொரு கவனம் தேவை. கரை சேர்ந்தவுடன் இரு சக்கர வண்டிகளும் லாரிகளும் மனிதரும் அடுத்தடுத்து இறங்குகின்றனர். இரண்டு வயதுக் குழந்தை வண்டி ஓட்டுநரின் பார்வைக்கு எட்டாத உயரமுடையது. ஆகவே படகிலும் துறையிலும் ஒருவர் குழந்தையை மட்டுமே ஏந்துக. மற்றவர் மூட்டையை மட்டுமே சுமக்க. குழந்தை ஒரு கை, பெட்டி ஒரு கை என்று ஒருவரே இறங்குவதைப்போல் அபாயம் பிறிதில்லை.

தீவின் வட பகுதிக்குப் போகும் குடும்பங்களுக்கும் ஒரு சொல். பாம்பூஃப்ளாட்டிலிருந்து ஃபெரார்கஞ்சு வழியாக ஜிர்காதாங் சேர்ந்து, அங்கிருந்து ஜாரவா மக்களின் காப்பு நிலத்தினூடே செல்லும் நெடுஞ்சாலையில் வண்டிகள் குறித்த நேரத்தில், காவலோடு, அணியணியாகவே விடப்படுகின்றன. ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தூரம் எங்கும் நிறுத்தலாகாது. படம் எடுத்தலும் உணவுப் பொருள் கொடுத்தலும் சட்டத்துக்கு மாறானவை. குழந்தைகளுக்கு வேண்டிய பாலும் உணவும் பிற தேவைகளும் ஜிர்காதாங்கிலேயே முடிந்துவிட வேண்டும். தீவுகள் கிழக்கே நெடுந்தொலைவில் இருந்தும் நாட்டின் பொது நேரத்தையே பின்பற்றுவதால், அங்கே கதிரவன் விரைவில் எழுந்து விரைவில் மறைகிறான். பனிக்காலத்தில் மாலை ஐந்தரைக்குள் இருள் கவிந்துவிடும். தீவுக் குழந்தை தமிழ்நாட்டுக்கு வந்தால் முதல் சில நாட்கள் மாலையிலேயே தூங்கி விடியலுக்கு முன் விழித்துக்கொள்வதன் காரணம் இதுவே. அதை நோயென்று அஞ்ச வேண்டா.

சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்க்குப் பயணம் முடிந்துவிடுவதில்லை. திருநெல்வேலிக்கும் இராமநாதபுரத்துக்கும் புகைவண்டி ஏற வேண்டியவர் பலர். பம்பாய், தில்லித் தமிழர்க்கோ புகைவண்டியே முழுப் பயணமும். ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்குச் சீட்டு வேண்டா. ஆனால் தனிப் படுக்கையும் இல்லை. ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்க்குத் தனிப் படுக்கை வேண்டின் முழுக் கட்டணம் என்பது 2016-ஆம் ஆண்டில் வந்த விதி. தாயின் படுக்கையோடு இணையும் சிறு படுக்கையை 2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் லக்னோ மெயில் வண்டியில் சோதனையாக வைத்துப் பார்த்தனர். நம் தாய்மார்களோ வெகு காலத்துக்கு முன்பே இதற்கு விடை கண்டவர்கள்: ஒரு பழம் புடவை, இரண்டு முடிச்சு, ஒரு தூளி! அதைத் தாழக் கட்டுதலும், முடிச்சை இழுத்துப் பார்த்தலும், தூளியின்கீழ் மெத்தென்று ஏதேனும் விரித்தலும், அருகில் ஒருவர் விழித்திருத்தலும் வேண்டும்.

நடை பயின்ற குழந்தை நிலையத்தில் காணாமற்போவது நொடிப்பொழுதில் நிகழ்வது. தமிழ் மட்டுமே அறிந்த மூன்று வயதுக் குழந்தை நாகபுரி நிலையத்தில் தன் பெயரைச் சொன்னால் யாருக்கு விளங்கும்? ஆகவே பெற்றோரின் தொலைபேசி எண்ணை இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதிய சீட்டொன்றைக் குழந்தையின் சட்டையின் உட்பையில் வைத்துத் தைத்துவிடுதல் நலம். பெயரை வெளியே தெரிய எழுத வேண்டா. பெயர் சொல்லி அழைப்பவரைக் குழந்தை எளிதில் நம்பிவிடும். புகைவண்டியில் உதவிக்கு 139 என்னும் எண்ணும், குழந்தைகளுக்கு உதவ 1098 என்னும் எண்ணும் உள்ளன. இவற்றைப் புறப்படுமுன் மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

இறுதியாக, ஊர் சேர்ந்த பின் நடப்பது. வாசலிலேயே பத்துப் பேர் காத்திருப்பர். ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குக் குழந்தை மாறும். எட்டு, ஒன்பது மாதக் குழந்தை அயல் முகத்தைக் கண்டு வீரிடுவது அதன் அறிவு வளர்கிறது என்பதற்கு அடையாளம்; 'எங்களிடம் ஒட்டவில்லையே' என்று பாட்டி வருந்த வேண்டுவதில்லை. தாயின் மடியில் இருந்தபடியே ஓரிரு நாள் அவரைப் பார்த்துப் பழகட்டும். பிறகு அதுவே தாவிப் போகும். முடி இறக்குவதும் காது குத்துவதும் வந்த மறுநாளே வேண்டா. களைப்புத் தீர்ந்த பின் வைத்துக்கொள்ளலாம். கத்தியின் அலகும் ஊசியும் புதியனவாக இருத்தல் கட்டாயம்.

பயணத்தில் உடன் வருபவர்க்கும் கடமை உண்டு. 2015-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் தாய்மார்களுக்கெனத் தனி அறைகள் திறக்கப்பட்டன. அது நல்ல தொடக்கம். ஆனால் ஓடும் வண்டியில் அறை ஏது? அங்கே, முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பண்பும், கீழ்ப்படுக்கையை விட்டுக்கொடுக்கும் மனமும், அழுகுரலைக் கேட்டு முகம் சுளிக்காத பொறுமையுமே அவளுக்கு அறையாகின்றன. தந்தையர்க்கும் ஒன்று சொல்வோம். சீட்டும் பெட்டியும் தம் பொறுப்பு, குழந்தை தாயின் பொறுப்பு என்ற பாகுபாடு மூன்று நாள் கப்பலில் செல்லாது. இரவில் ஒரு சாமம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பவரே அந்தத் தாய்க்கு மூன்று மணி உறக்கத்தைத் தருகிறார். அடுத்த நாள் அவள் சுரக்கும் பாலுக்கும் அதில் பங்கு உண்டு.

அயலூரில் பிறந்து வளரும் நம் குழந்தைகள் ஊரை அறிவது இந்தப் பயணங்களால்தான். பாட்டியின் குரலையும், முற்றத்து வேம்பையும், தம் மொழியை ஊரே பேசும் வியப்பையும் அவர்கள் வேறெங்கும் பெற முடியாது. ஒரு முறை நோயுற்று வருந்திய குடும்பம் அடுத்த ஆண்டு புறப்பட அஞ்சும். அச்சம் இரண்டு மூன்று ஆண்டு நீடித்தால் குழந்தைக்கு ஊர் வெறும் பெயராகிவிடும். அதனால், ஓ.ஆர்.எஸ். உறை ஒன்று, ஊசி அட்டை ஒன்று, சுடுநீர்க் குடுவை ஒன்று, பழம் புடவை ஒன்று ஆகிய இவற்றை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு மற்ற மூட்டைகளைக் கட்டத் தொடங்குவோம்.